காசும் காதும்

(சுங்குவார்சத்திரத்தில் ஆலைத் தொழிலாளர்களும் உள்ளூர் வாசகர்களும் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இரவு ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். கம்பெனி பஸ் வந்ததும் தாராளமாக எழுந்து போங்கள். பேச்சு போரடித்ததால் போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்ள மாட்டேன்.

'வணிகம் இசையைக் கெடுத்துவிட்டதா?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேசுவது ரொம்பச் சுலபம். பழைய பாட்டைப் புகழ்ந்து, புதுப் பாட்டைத் திட்டி, நடுநடுவே நாலு வரி பாடிக் காட்டினால் கைதட்டல் நிச்சயம். எனக்குக் குரல் கிடையாது. அதனால் பாட்டை விட்டுவிட்டு, பாட்டுக்குப் பின்னால் ஓடுகிற பணத்தைப் பற்றிப் பேசுகிறேன். அது எந்த வழியாக வருகிறது, யார் கையைத் தாண்டுகிறது, எங்கே நின்றுபோகிறது என்பதுதான் என் பேச்சு.

இதை இந்த ஊரில் பேசுவதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. இன்றைக்கு உலகம் பாட்டுக் கேட்பது போனில். அந்தப் போன்களில் ஒரு பங்கு இங்கே, நம் கண்ணெதிரே இருக்கிற ஃபாக்ஸ்கான் ஆலையில் பூட்டப்படுகிறது. அதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா இருந்தது. 2006இல் திறந்தார்கள், 2014இல் மூடினார்கள். அந்தக் காலத்து நோக்கியா போனில் ஒலித்த ரிங்டோன் எத்தனையோ பேருக்கு மனப்பாடம். அதைப் பூட்டிய கைகள் பலவும் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்களுடைய கைகள். அவற்றை நாம் மறந்துவிட்டோம். பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதில், அது ஒலிக்கிற பெட்டிக்கும் ஒரு ஓட்டு உண்டு. பெட்டிக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு ஓட்டு.

முதல் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1902ஆம் ஆண்டு கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டை கிராமபோன் கம்பெனி பதிவுசெய்தது. பதிவான தட்டு ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்ப் பிரதியாகி வர வேண்டும். அங்கிருந்த ஆட்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்று, பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வார். தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம், மிஞ்சினால் நாலு நிமிடம்தான் ஓடும். மணிக்கணக்காக விரிகிற ராகத்தை அதற்குள் மடக்க வேண்டும். இசையின் அளவைச் சந்தைப் பொருளின் அளவு தீர்மானிப்பது அன்றைக்கே தொடங்கிவிட்டது. ரீல்ஸ் வந்துதான் எல்லாம் கெட்டது என்பவர்கள் ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதிக்கிறார்கள்.

இங்கிருந்து பெங்களூர் சாலையில் மேற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே நயினாப் பிள்ளை என்று ஒரு மகாவித்வான் இருந்தார். 1889இல் பிறந்து 1934இல் மறைந்தவர். லயத்தில் புலி. அவர் பல்லவி பாட உட்கார்ந்தால் மிருதங்கம், கஞ்சிரா, கடம், மோர்சிங், கொன்னக்கோல் என்று மேடையில் ஒரு பட்டாளமே இருக்கும். 'ஃபுல் பெஞ்ச்' கச்சேரி என்று அதற்குப் பெயர். அவர் இசைத்தட்டில் பாட மறுத்துவிட்டார். இத்தனைக்கும் அவருடைய தாயாரின் சகோதரி காஞ்சிபுரம் தனகோடி அம்மாள், தட்டில் பாடிய ஆரம்பகாலக் கலைஞர்களில் ஒருவர். ஒரே வீட்டில் இரண்டு முடிவு. தனகோடி அம்மாளின் குரலை இன்றைக்கும் இரைச்சலுக்கு நடுவே கேட்கலாம். நயினாப் பிள்ளையின் குரல் போனது போனதுதான்.

அதே காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த ஒரு சிறுமி இருந்தார். காஞ்சிபுரத்தைத் தாண்டி இதே நெடுஞ்சாலையில் வருகிற தாமல் அவர்கள் குடும்பத்து ஊர். டி.கே. பட்டம்மாள் என்ற பெயரில் முதலில் நிற்கிற 'டி' அந்த ஊர்தான். அவர் வானொலியில் பாடினார், தட்டில் பாடினார், 1939இல் வந்த 'தியாக பூமி' படத்துக்கும் பாடினார். சந்தை திறந்த கதவுகளில் எல்லாம் நுழைந்தவர். ஆனால் கச்சேரி மேடையில் ராகம் தானம் பல்லவியை விடவில்லை. பெண்கள் பல்லவி பாடுவதா என்று முகம் சுளித்த காலத்தில் பாடி, பல்லவி பட்டம்மாள் என்று பேர் வாங்கினார்.

நயினாப் பிள்ளை தூய்மையைக் காத்தவர், பட்டம்மாள் சமரசம் செய்துகொண்டவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன். பட்டம்மாளால் இரண்டையும் செய்ய முடிந்ததற்கு அவருடைய திறமை ஒரு காரணம் என்றால், அந்தக் காலத்துப் பணம் நடந்த வழி இன்னொரு காரணம். தட்டு வாங்கியவர் தன் காசைப் போட்டு வாங்கி, வீட்டில் வைத்துத் தானே கேட்டார். சபாவுக்கு வந்தவர் டிக்கெட் எடுத்துத் தானே உட்கார்ந்து கேட்டார். தட்டுக்காரருக்கு மூன்று நிமிடம் போதும், சபாக்காரருக்குப் பல்லவி வேண்டும். இரண்டு பேரும் தனித்தனியாகக் காசு கொடுத்தார்கள். காது வைத்திருந்தவரே பையையும் வைத்திருந்தார்.

சந்தைக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். தட்டும் நாடகமும் சினிமாவும் வருவதற்கு முன்னால் ஒரு கலைஞரின் பிழைப்பு ஜமீன்தார் கையில், கோயில் தர்மகர்த்தா கையில், ஊர்ப் பெரியவர் கையில் இருந்தது. பறை அடிப்பவருக்கு மறுக்கிற உரிமையே கிடையாது. சாவு விழுந்தால் போய் அடிக்க வேண்டும். கூலி என்ன என்பதை மற்றவர் முடிவு செய்வார். அந்த உறவுக்குப் 'புரவலர் மரபு' என்று அழகான பெயர் வைத்து ஏங்குகிறவர்கள், அதில் யார் நின்றிருந்தார்கள், யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிடுகிறார்கள். கொடுமுடியில் வறுமையில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள், 1935இல் வந்த 'பக்த நந்தனார்' படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினார். அன்றைக்கு அது கேள்விப்படாத தொகை. அதைக் கொடுத்தது மகாராஜா இல்லை. அவருடைய குரலுக்காகக் கொட்டகையில் டிக்கெட் எடுக்கப் போகிற கூட்டத்தை நம்பிக் கொடுக்கப்பட்ட பணம்.

சரி, சந்தையை ஒதுக்கிவிட்டு அரசாங்கம் கையில் கொடுத்தால் தரம் வளருமா? அதையும் பார்த்தோம். 1952இல் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் எண்ணம். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்துபோனது. மக்கள் ரேடியோவை அணைத்துவிட்டுச் சாஸ்திரிய சங்கீதம் கற்றுக்கொள்ளப் போகவில்லை. முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடைசியில் 1957இல் விவித்பாரதி தொடங்கி அரசாங்கமே இறங்கி வந்தது. அமைச்சர் தன் காசையும் கொடுக்கவில்லை, அந்தப் பாட்டை அவர் கேட்கப் போவதுமில்லை. ஆனால் முடிவு அவருடையது.

இனி சினிமாவுக்கு வருகிறேன். கொஞ்சம் நின்று பேச வேண்டிய இடம் இது.

1976இல் 'அன்னக்கிளி' வந்தது. அதற்குப் பின் வந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் இளையராஜா மீது இருந்த வணிக அழுத்தத்தை இன்றைய எந்த இசையமைப்பாளர் மீதும் நான் காணவில்லை. ஆண்டுக்கு 40 படங்களைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. காலையில் மெட்டு, அன்றைக்கே பாட்டுப் பதிவு. தரம் கெட்டதா? இல்லை. ஏன் கெடவில்லை என்று கேட்டால் 'மேதை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். மேதைதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு வேலை நடந்த விதத்தையும் பாருங்கள். வயலின்காரர்கள், புல்லாங்குழல், பேஸ் கிட்டார், தபேலா, பாடகர் எல்லாரும் ஒரே நேரத்தில் ஸ்டுடியோவில் இருப்பார்கள். ஒருவர் தப்பு செய்தால் எல்லாரும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். ஸ்டுடியோவுக்கும் கலைஞர்களுக்கும் கால்ஷீட் கணக்கில் பணம். எழுதிக்கொடுத்த இசைக்குறிப்பைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மதிப்பு. அதாவது நேரத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்கிற வணிகக் கணக்கும் நல்ல வாத்தியக்காரர் வேண்டும் என்கிற கலைக் கணக்கும் அங்கே ஒரே பக்கம் நின்றன.

பிறகு 'பேக்கேஜ்' வந்தது. இசையமைப்பாளருக்கு ஒரு மொத்தத் தொகை பேசிவிடுவார்கள். ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர் சம்பளம், பாடகர் சம்பளம், மிக்ஸிங் எல்லாம் அதற்குள்ளே. செலவு போக மிச்சம் அவருக்கு. கான்ட்ராக்ட் முறை எப்படி வேலை செய்யும் என்று சுங்குவார்சத்திரத்தில் வந்து நான் விளக்க வேண்டியதில்லை. இருபது வயலினுக்குப் பதில் கீபோர்டில் இருக்கிற வயலின் ஒலியைப் போட்டு, மேலே ஒரே ஒரு நிஜ வயலினை ஓட்டினால் மிச்சம் கூடும். அந்த இசையமைப்பாளர் கெட்டவர் இல்லை. அவரும் வாடகை கட்டுகிறவர்தான். ஆனால் இங்கே கணக்கு வாத்தியக்காரருக்கு எதிராகத் திரும்பிவிட்டது. ஒவ்வொரு நல்ல முடிவும் அவருடைய சொந்தப் பையிலிருந்து போகிறது.

கம்ப்யூட்டர்தான் எதிரி என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1992இல் 'ரோஜா' வந்தபோது ஏ.ஆர். ரஹ்மான் அதே கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டுதான் காதுக்குப் புதிதாக ஒன்றைக் கொடுத்தார். அவரிடம் சொந்த ஸ்டுடியோ இருந்தது. இரவெல்லாம் வேலை செய்யலாம், ஒரு ஒலியை நாலு விதமாக வைத்துப் பார்க்கலாம், எடுத்ததைத் தூக்கிப் போடலாம். வாடகை மீட்டர் ஓடவில்லை. பேக்கேஜ் முதலில் கைவைப்பது இந்த அவகாசத்தில்தான்.

இதே காலத்தில் கேட்பவர் பக்கத்தில் ஒரு அழகான வியாபாரம் நடந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நினைவிருக்கும், ரெக்கார்டிங் சென்டர். ஒரு வெற்றுக் கேசட்டை வாங்கிக் கொடுத்து, முழு வெள்ளைத் தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், ரெண்டு நாளில் பதிந்து தருவார்கள். சட்டப்படி அது தப்பு. கம்பெனிக்கும் காசு போகாது, பாடியவருக்கும் போகாது. ஆனால் அந்தத் தாளைப் பாருங்கள். ஒரு மனிதன் 60 நிமிடத்துக்குள் தனக்கு எந்தப் பாட்டு வேண்டும், எதற்குப் பின் எது வர வேண்டும் என்று உட்கார்ந்து யோசித்துத் தன் காசைக் கொடுத்திருக்கிறான். இன்றைக்கு அந்தத் தாளை நமக்காக யாரோ எழுதிவிடுகிறார்கள். கேசட் மலிவானதால் சிறு கம்பெனிகள் முளைத்தன. அம்மன் பாட்டு, கானா, நாட்டுப்புறப் பாட்டு என்று பெரிய கம்பெனிகள் சீண்டாததெல்லாம் கடைக்கு வந்தது. ஆடி மாதத்தில் குழாய் ஸ்பீக்கர் வழியாக நம் தூக்கத்தைக் கெடுத்ததும் அதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது நம் கையில் இருக்கிற பெட்டிக்கு வருவோம். பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே பாட்டுக்குக் காசு கொடுப்பதில்லை. விளம்பரக்காரர் கொடுக்கிறார். ஸ்பாட்டிஃபை கணக்கில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு தடவை கேட்டதாக எண்ணப்படும். அதற்குள் நீங்கள் தள்ளிவிட்டால் பாடியவருக்கு ஒன்றும் கிடையாது. இப்போது ஒரு இசையமைப்பாளராக யோசியுங்கள். எண்பதுகளில் பாட்டின் முன்னிசையே அரை நிமிடம் ஓடும், அதற்கு அப்புறம்தான் குரல். இன்றைக்கு அப்படிச் செய்ய எவ்வளவு துணிச்சல் வேண்டும்! அதனால் முன்னிசை சுருங்கியது. இரண்டாவது சரணம் பல பாட்டுகளில் போயே போச்சு. பல்லவியின் கவர்ச்சியான துண்டு முதலிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது, ரீல்ஸுக்குக் கத்தரிக்க வசதியாக.

பெட்டியின் உடம்பும் பாட்டை மாற்றுகிறது. போனில் இருக்கிற ஸ்பீக்கர் எவ்வளவு சிறிது என்று உங்களில் சிலர் கையில் எடுத்தே பார்த்திருப்பீர்கள். அவ்வளவு சின்னத் தகட்டால் கீழ் ஒலிகளை நகர்த்த முடியாது. மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டாரின் நடை எல்லாம் அதில் கரைந்துபோகும். ஆகவே மிக்ஸிங் செய்பவர் பெரிய ஸ்பீக்கரில் கேட்டது போதாதென்று போனிலும் போட்டுப் பார்க்கிறார். போனில் எடுபடுகிற கூர்மையான ஒலிகளுக்கு இடம் கூடுகிறது. இதில் யாருடைய சதியும் இல்லை. மூன்று நிமிடத் தட்டு செய்த அதே வேலையை இது செய்கிறது.

ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மாதச் சந்தா கட்டிக் கேட்கிறவரை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 100 ரூபாய் கட்டி, மாதம் முழுக்க ஒரே ஒரு நாதஸ்வரக் கலைஞரை மட்டும் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பணம், கம்பெனியின் பங்கு போக, அவருக்குப் போகும் என்றுதானே நினைப்பீர்கள்? போகாது. எல்லாருடைய பணமும் ஒரே குளத்தில் கொட்டப்பட்டு, மொத்தத்தில் எந்தப் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற விகிதத்தில் பங்கிடப்படுகிறது. உங்கள் நூறு ரூபாயில் பெரும்பகுதி நீங்கள் கேட்கவே கேட்காத பாட்டுக்குப் போய்விடும். 2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொன்றும் செய்தது. முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவைகூட ஓடாத பாட்டுக்கு அந்தக் குளத்திலிருந்து ஒரு சொட்டும் கிடையாது. மாற்று வழி இல்லாமல் இல்லை. சவுண்ட்கிளவுட் 2021இல், கேட்பவரின் பணம் அவர் கேட்ட கலைஞருக்கே போகிற முறையைக் கொண்டுவந்தது. முடியும் என்பது தெரிந்த விஷயம். பெரிய கம்பெனிகளுக்கு அது தேவைப்படவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் காசு கொடுத்துச் செய்யச் சொன்ன பாட்டுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்புச் சொன்னது. பாட்டு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரு தடவை கூலி வாங்கியதோடு சரி. 35 ஆண்டு கழித்து, 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள். பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் அதற்காகப் பேசினார். ராயல்டியில் தன் பங்கைக் கவிஞரும் இசையமைப்பாளரும் நினைத்தால்கூட கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது என்று வந்தது. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பசியில் இருப்பவன் எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவான் என்பதைச் சட்டம் புரிந்துகொண்ட அபூர்வமான இடம் அது.

புரிந்துகொண்டது, சரி. நடந்ததா? 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தது. எழுதிப் பாடியவர்களில் ஒருவரான அறிவு, இங்கிருந்து அதிகத் தூரமில்லாத அரக்கோணத்துக்காரர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பியவர். ஒப்பாரியின் சாயலும் நிலமற்றவர்களின் கதையும் உள்ள பாட்டு. கதாநாயகன் இல்லை, படமே இல்லை. உலகமெங்கும் கோடிக்கணக்கில் கேட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் ஒரு வீடியோவில் சொன்னார்: இந்தப் பாட்டிலிருந்து எங்கள் யாருக்கும் ஒரு பைசா வரவில்லை என்று. வெளியிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. நியாயம் எந்தப் பக்கம் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. எனக்கு உறுத்துவது வேறு. கேட்டவர்கள் யாருக்கும் இது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அந்தப் பாட்டு நல்ல பாட்டாக வந்தது சந்தையால் அல்ல, சந்தையை மீறியும் அல்ல. ஆனால் அடுத்த பாட்டு வருமா என்பது அந்தப் பைசா எங்கே நின்றது என்பதைப் பொறுத்தது. தரம் கெடுகிறது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இதுதான். மோசமான பாட்டுகள் வருவதை விட, வர வேண்டிய பாட்டுகள் வராமலே போவது. அதற்கு விமர்சனம் எழுத முடியாது, ஏனென்றால் அது இல்லை.

கடைசியாக, நம் பக்கத்துக் கூத்து. செய்யாறு, காஞ்சிபுரம் வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைக்கிறார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. ஹார்மோனியமும் மிருதங்கமும் முகவீணையும் விடியவிடியக் கேட்கும். முப்பது விநாடியில் யாரும் தள்ளிவிட முடியாது. நடிகர் சரியாகப் பாடாவிட்டால் முன்னால் உட்கார்ந்திருக்கிற கிழவி கத்துவாள், ஏனென்றால் அவள் வீட்டிலும் வரி கொடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு திருவிழாவுக்காக வாங்குகிற தலைக்கட்டு வரி. கேட்பவரின் காசு நேராகப் பாடுபவருக்குப் போகிற ஏற்பாடு, பெரிய செயலிகள் தராதது, நம் ஊர்களில் ரசீதுப் புத்தகத்தில் நடக்கிறது.

ஆனால் அந்த ரசீதுப் புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது? 'ஊர்' என்றால் யார் என்பதைச் சாதி முடிவு செய்த புத்தகம் அது. பல ஊர்களில் ஒரு தெருவிடம் வரி வாங்க மாட்டார்கள். வாங்கினால் உரிமை கொடுக்க வேண்டுமே. இப்போது இன்னொரு கூட்டமும் வெளியே நிற்கிறது. வல்லம் வடகாலில் 2024இல் திறந்த தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18,000 பெண்களுக்கு மேல் தங்கலாம். இந்தச் சாலையோரக் கிராமங்களில் வாடகை அறைகளில் இருப்பவர்களோ திருவண்ணாமலைக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள், ஒடிசாக்காரர்கள், பீகார்க்காரர்கள். இவர்களிடம் வாடகை வாங்குகிறோம், மளிகைக் கடையில் காசு வாங்குகிறோம். பாரதத்துக்கு மட்டும் யாரும் போய்க் கேட்பதில்லை, அவர்கள் ஊர்க்காரர்கள் இல்லையாம். கேட்டால் கொடுப்பார்கள். கொடுத்தால் வந்து உட்காருவார்கள். உட்கார்ந்தால், இந்தப் பாட்டு வேண்டாம், அந்தப் பாட்டைப் பாடு என்பார்கள். கூத்துக்காரர்களுக்கு ஒரு புதிய தொல்லை ஆரம்பமாகும். அவர்கள் அதற்குத் தயார் என்றுதான் நினைக்கிறேன்.

வருகிற பாரதத்துக்கு வரி எழுதுபவர்கள் யாராவது இங்கே இருந்தால், ஹாஸ்டல் பக்கமும் அந்தத் தெருப் பக்கமும் ஒரு நடை போய் வாருங்கள். எனக்கும் இந்த ஊரில் வீடு கிடையாது. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்கிறார்கள்.